புற்றுநோயைத் தடுக்க வீட்டில் எதை முதலில் மாற்றுவது? பாக்கு, சிகரெட், செக்கெண்ணெய், தடுப்பூசி

குறிஞ்சிமலர் (கேள்வி):

வீட்டில் ஐந்து பேர். எனக்கு 38, கணவருக்கு 42, மாமியாருக்கு 64, மகளுக்கு 11, மகனுக்கு 8. யாருக்கும் இப்போது நோய் எதுவும் இல்லை. புற்றுநோய் வராமல் இருக்க அன்றாட வாழ்க்கையில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று பட்டியல் போட உட்கார்ந்தால், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மஞ்சள் மாத்திரை வாங்கு, முள்சீத்தா இலைக் கஷாயம் குடி, நான்ஸ்டிக் தோசைக்கல்லைத் தூக்கிப் போடு, எல்லாவற்றையும் செக்கெண்ணெய்க்கு மாற்று என்கிறார்கள்.

எங்கள் நிலவரம் இதுதான். மாமியார் நாளுக்கு ஐந்தாறு முறை வெற்றிலை போடுவார். பாக்கும் சுண்ணாம்பும் உண்டு, புகையிலை கிடையாது. கணவர் ஒரு நாளைக்கு 8 சிகரெட் பிடிக்கிறார், காலைக் காபியோடு முதல் சிகரெட். சனிக்கிழமை ஒரு குவார்ட்டர். சமையல் கடலை எண்ணெயில். பண்டிகைக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயை எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்துவோம். நடைப்பயிற்சி யாருக்கும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. எதில் தொடங்கினால் பலன் அதிகம்? எதை விட்டுவிடலாம்? விவரம் தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாய்நலம்:

நீங்கள் எழுதியதில் முதலில் கைவைக்க வேண்டியவை இரண்டு. கணவரின் சிகரெட், மாமியாரின் பாக்கு. சமையலறைக்குள் நீங்கள் செய்யப்போகும் எந்த மாற்றமும் இந்த இரண்டுக்கும் பக்கத்தில்கூட வராது.

“புகையிலை இல்லை, வெறும் வெற்றிலைதான்” என்று நிறைய வீடுகளில் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகையிலை சேராத வெற்றிலைச் சுருளும் அதே பிரிவில்தான். தீங்கு வருவது பாக்கிலிருந்து, இலையிலிருந்து அல்ல. பாக்கில் உள்ள அரிகோலின் கன்னத்தின் உள்தசையில் நார் படியச் செய்கிறது. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி அந்த வேதிவினையை விரைவுபடுத்துகிறது, வாயின் மென்தோலையும் அரிக்கிறது. நாளடைவில் காரமான உணவு பட்டால் வாய் எரியும், கன்னம் அட்டை மாதிரி விறைக்கும், வாய் திறப்பு குறையும். இந்த நார்த்திசு நோய் வந்துவிட்டால் பாக்கை நிறுத்தினாலும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. ஆனால் நிறுத்தினால் மேலும் முற்றுவது மட்டுப்படும். அதனால் 64 வயதில் இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

பாக்கு தானே பழக்கத்தை உண்டாக்கும். ஒரே நாளில் பிடுங்கினால் தலைவலி, எரிச்சல், தூக்கம் கெடுதல் எல்லாம் வரும். நடைமுறையில் இப்படிச் செய்யலாம். முதல் வாரம் இரவு வெற்றிலையை மட்டும் நிறுத்துங்கள். அதக்கிக்கொண்டே தூங்குவதுதான் மிக மோசம், ஒரே இடத்தில் மணிக்கணக்காகச் சாறு ஊறும். அடுத்து சுண்ணாம்பையும் பாக்கின் அளவையும் பாதியாக்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பாக்கில்லாமல் இலையும் சோம்பும், அல்லது இலையும் ஏலக்காயும். வாய்க்கு வேலை வேண்டும் என்பதுதான் பாதிப் பிரச்சினை, அதற்கு இது போதும். கடையில் சரம் சரமாகத் தொங்கும் இனிப்புப் பாக்குத்தூளை மாற்றாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதுவும் பாக்குதான், குழந்தைகள் கைக்கும் எட்டும்.

மாதம் ஒரு முறை வெளிச்சத்தில் மாமியாரின் வாயைப் பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். உதட்டின் உள்பக்கம், இரண்டு கன்னம், ஈறு, அண்ணம். பிறகு நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரத்தையும், அடிப்பக்கத்தையும், நாக்குக்குக் கீழுள்ள தளத்தையும். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தடிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரிடம் போக வேண்டும். அவருடைய மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட முடியவில்லை என்றாலும் காட்ட வேண்டும். பெரும்பாலும் நடக்கும் தவறு, “சூட்டுப் புண்” என்று மாதக்கணக்கில் களிம்பு தடவுவது. வலி இல்லாத புண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை, தொடக்க நிலைப் புற்றோ பெரும்பாலும் வலிக்காது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதற்குத் தேவைப்பட்ட கருவி வெளிச்சமும் பழகிய கண்ணும்தான்.

புகைநிறுத்தம்:

சிகரெட் பற்றி. 8 என்பது குறைவு என்று எண்ண வேண்டாம், 8லிருந்து 3 ஆக்கினால் போதும் என்றும் எண்ண வேண்டாம். எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் மிச்சமுள்ள சிகரெட்டை ஆழமாக, கடைசி வரை இழுத்து நிகோட்டினை ஈடுகட்டிக்கொள்கிறார்கள். குறைப்பது நிறுத்தும் நாளுக்கு முன் இரண்டு வாரப் படிக்கட்டாக இருக்கலாம், முடிவாக இருக்கக் கூடாது.

நிகோட்டின் சூயிங்கம் பலருக்குப் பலிக்காமல் போவதற்குக் காரணம், அதைச் சாதாரண பபிள்கம் போல மெல்லுவது. முறை வேறு. மெதுவாக மெல்ல வேண்டும். மிளகு கடித்தது போல் சுருக்கென்று வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம். தொடர்ந்து மென்றால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் வரும்; ரத்தத்தில் சேராது.

உங்கள் கணவர் காலைக் காபியோடு புகைப்பவர் என்பதால் இன்னொன்று. காபி, பழச்சாறு போன்றவை வாயைப் புளிப்பாக்கி, நிகோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். குடித்து 15 நிமிடம் கழித்துத்தான் கம். தூங்கி எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் என்றால் 4 மி.கி. கம், அதற்குப் பிறகுதான் என்றால் 2 மி.கி. கம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி மொத்தம் 12 வாரத்தில் முடிக்க வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஏக்கம் முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு அலையும் சில நிமிடம்தான். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356 இலவசம். அந்த ஒரு மாதத்துக்குச் சனிக்கிழமைக் குவார்ட்டரையும் நிறுத்தச் சொல்லுங்கள். விட்டவர்கள் மறுபடி பற்றவைப்பது மது மேசையில்தான் அதிகம். நிறுத்திப் பத்து ஆண்டில் நுரையீரல் புற்று ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் ஏறத்தாழ பாதியாகிறது. வாய், தொண்டைப் புற்று ஆபத்து அதைவிடச் சீக்கிரம் இறங்கும்.

அளவுகோல்:

குவார்ட்டர் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 180 மி.லி., 42.8 சதவீதம், ஆல்கஹாலின் அடர்த்தி 0.789. பெருக்கினால் சுமார் 61 கிராம் தூய ஆல்கஹால். 650 மி.லி. பீர் 5 சதவீதம் என்றால் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம். “நான் பீர் மட்டும்தான்” என்பவர் இரண்டு ஸ்ட்ராங் பாட்டில் குடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். உடல் ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது, அது உயிரணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. எந்தச் சரக்கு, என்ன விலை என்பதெல்லாம் இதில் ஒரு பொருட்டல்ல. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு இடப் புற்றுக்கு இது காரணம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. சிகரெட்டும் மதுவும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றில் இரண்டின் ஆபத்தும் வெறுமனே கூட்டலாகச் சேர்வதில்லை, பெருக்கலாகப் பல மடங்காகிறது.

ஊசிமருந்து:

யாரும் இன்னும் மகளைப் பற்றிச் சொல்லவில்லை. 11 வயது என்பது ஹெச்பிவி (கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசிக்கு மிகச் சரியான நேரம். கருப்பைவாய்ப் புற்றில் பத்தில் ஏழு, ஹெச்பிவி 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருகிறது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கிறது; 2023 ஜனவரியில் அறிமுகமானது. 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. 15 வயது ஆகிவிட்டால் மூன்று தவணை. ஒரே தவணையும் போதும் என்று 2022 முதல் உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. உங்கள் பகுதியில் எந்த முறை, இலவசமாகக் கிடைக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். போட்டதும் 15 நிமிடம் உட்காரவைக்க வேண்டும், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஊசிக்குப் பின் மயக்கம் வருவது உண்டு. மகனுக்கும் 9 வயது ஆனதும் போடலாம். “இந்தச் சின்ன வயதில் எதற்கு” என்பார்கள். கிருமி உடலுக்குள் வருவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன், வந்த பிறகு போட்டால் அதை விரட்டாது.

உங்களுக்கு 38. இதுவரை கருப்பைவாய்ப் பரிசோதனை செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள். அசிட்டிக் அமிலம் 3 முதல் 5 சதவீதக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். மாறுபட்ட திசு வெள்ளையாகத் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வந்தது. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனையும் உடனடிச் சிகிச்சையும் சேர்ந்து நோயை 25 சதவீதமும் மரணத்தை 35 சதவீதமும் குறைத்தன. நம் ஊர்ச் செவிலியர்கள் செய்து காட்டிய வேலை இது, மனம் நிறைந்து சொல்ல வேண்டிய செய்தி. மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம்.

மாமியாருக்கு இந்த முறை அவ்வளவு ஏற்றதல்ல. மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி கருப்பைவாயின் உள்வழிக்குள் இழுத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு ஹெச்பிவி டிஎன்ஏ பரிசோதனை கேளுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தப்போக்கு ஏற்பட்டால் வயதைக் காரணம் காட்டாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரியவர்கள் மூவரும் ஹெபடைடிஸ் பி (கல்லீரல் புற்றுக்கும் காரணமாகும் வைரஸ்) ரத்தப் பரிசோதனை ஒரு முறை செய்யுங்கள். இல்லை என்று வந்தால் 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுக்களை அறிவியல்:

எண்ணெய்க்கு வருகிறேன், இதில் குழப்பம் அதிகம். செக்கில் ஆட்டியது என்பதால் மட்டும் அது பாதுகாப்பானது ஆகிவிடாது. நிலக்கடலையில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது கல்லீரல் புற்றுக்குக் காரணம், ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. சுத்திகரிப்பு ஆலையில் காரப் பொருளும் (அல்கலி) நிறம் நீக்கும் மண்ணும் சேர்த்து வடிக்கும்போது அந்த நஞ்சு பெருமளவு நீங்கிவிடுகிறது. செக்கில் அந்தப் படி இல்லை. ஆகவே செக்கெண்ணெயின் தரம் முழுக்க முழுக்கக் கடலையின் தரம். நீங்களே கடலை கொடுத்து ஆட்டுவதானால் நன்றாகக் காயவைத்து, சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது, பச்சை கறுப்புப் பொடி படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொடுங்கள். உடைந்த கடலையை மலிவாக வாங்கி ஆட்டும் இடத்தைத் தவிருங்கள். பொறுக்கிய சொத்தையை மாட்டுக்கும் போடக் கூடாது. நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், அங்கிருந்து பாலுக்கு வரும், காய்ச்சினாலும் போகாது. வறுத்தாலும் முழுதாக அழியாது. கசக்கும் கடலையை ஒன்றுகூட விழுங்காமல் துப்பச் சொல்லிக் குழந்தைகளைப் பழக்குங்கள்.

பலகார எண்ணெய்: மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உண்டாகும் சிதைவுப் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதி. வீட்டில் அளக்க வழியில்லை. அதனால் சின்ன, குழிவான வாணலியில் குறைந்த எண்ணெய் வைத்துச் சுடுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். அடியில் தங்கும் மாவுத்துகளும் உப்பும் ஈரமும்தான் எண்ணெயைச் சீக்கிரம் கெடுப்பவை. நுரைத்தால், பிசுபிசுத்தால், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால் அதை விட்டுவிட வேண்டும். பழையதில் புதியதை ஊற்றி நிரப்புவது புதியதையும் கெடுக்கும்.

சாப்பாட்டில் உண்மையில் குறைவது நார்ச்சத்து. ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும், பெருங்குடல் புற்றைத் தடுப்பதில் அதற்குத் தெளிவான பங்கு உண்டு. வெள்ளைச் சோறு, இட்லி, தோசை என்று ஓட்டினால் பாதிகூட வராது. 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையில் சுமார் 10 கிராம், 50 கிராம் கேழ்வரகு மாவில் ஐந்தரை, 100 கிராம் கொய்யாவில் 8, 100 கிராம் கீரையில் நான்கு. கூட்டினால் 27 தாண்டுகிறது, இதில் விலை உயர்ந்தது ஒன்றும் இல்லை. ஒரே நாளில் ஏற்றினால் வயிறு ஊதும். மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றி, கடலையை 8 மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள்.

சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி பிள்ளைகளுக்குப் பழகாமல் இருக்கட்டும். தினம் 50 கிராம் பெருங்குடல் புற்று ஆபத்தை 18 சதவீதம் கூட்டுகிறது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆகாது, டவராவில் நாலு முறை ஆற்றிக் குடித்தால் அந்தக் கவலை தீர்ந்தது. நான்ஸ்டிக் கல்லை வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள், பூச்சு உரிந்தால் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

அளவுகோல்:

மஞ்சள் மாத்திரைக்கும் முள்சீத்தாவுக்கும் பதில் வரவில்லை. இரண்டும் வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள் நல்லது, அது இருக்கட்டும். மிளகுச் சத்தோடு செறிவாக்கிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. முள்சீத்தா ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டில் உள்ள உயிரணுக்களில் நடந்தவை. அதிலுள்ள அன்னோனாசின் நரம்புக்கு நஞ்சு. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைத்தேநீரையும் நிறைய உட்கொள்பவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் மிகுதியாகக் காணப்பட்டது.

சத்து மாத்திரையும் கணவருக்கு வாங்காதீர்கள். ஃபின்லாந்தில் புகைக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள சத்து) மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 1994இல் வெளியானது. நுரையீரல் புற்று குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. கேரட்டாகச் சாப்பிடுவதில் இந்தச் சிக்கல் இல்லை.

குறிஞ்சிமலர்:

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு ஊசியும், எனக்குப் பரிசோதனையும் இந்த வாரம். கணவர் நிறுத்தும் தேதியைக் குறித்துவிட்டார். இரண்டு சந்தேகம். நடைப்பயிற்சி எவ்வளவு, எப்படி? எடை சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது?

ஊசிமருந்து:

எடையைவிட இடுப்பை அளவெடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் கணக்கு தப்பும். நம் நாட்டவருக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள். உடல்பருமனோடு தொடர்புள்ள புற்றுகள் 13. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. மார்பகப் புற்றும் கருப்பைப் புற்றும் கூடுவதற்கு அது ஒரு காரணம்.

நடை வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், 300 வரை போகலாம். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். ஒரே மூச்சில் அரை மணி கிடைக்காவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் நடங்கள், அதுவும் கணக்கில் சேரும். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை வேண்டும்: நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது பத்து முறை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து முறை, இப்படி இரண்டு மூன்று சுற்று. மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் நாற்காலிக்கு மேல் ஒரு கெட்டித் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, அதிலிருந்து எழச் சொல்லுங்கள்.